மருந்துக்குக் காசு இல்லை, பயணத்துக்குத்தான் காசு: பீடோர் முதியவர்கள் மருந்தைப் பக்கத்திலேயே வாங்குவது எப்படி?

பீடோரில் வசிக்கும் 70 வயதைக் கடந்த ஒருவருக்கு அரசாங்க மருத்துவமனையில் இனிப்பு நீருக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருந்து எழுதிக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த மருந்துக்கு அவர் தனியாகப் பணம் கட்டத் தேவையில்லை. மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட். 60 வயதைத் தாண்டிய மூத்த குடிமக்களுக்கு அந்தப் பதிவுக் கட்டணமும் கிடையாது.

அப்படியானால் எங்கே செலவு? போய் வருவதில்தான். காடி ஓட்ட முடியாதவர், பஸ் படி ஏற முடியாதவர், பிள்ளைகள் கோலாலம்பூரிலோ ஜொகூரிலோ வேலை செய்கிறவர், இவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் மருந்து வாங்கும் நாள் ஒரு பெரிய வேலை. ஒருமுறை போக முடியாமல் போனால், மருந்து நின்று போகிறது.

இந்தப் பயணத்தைக் குறைக்க சுகாதார அமைச்சு ஏற்கெனவே பல வழிகளை வைத்திருக்கிறது. நிறைய பேருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களிலும் பலர் கவுண்டரில் கேட்பதில்லை. கேட்காமல் தானாக நடப்பது குறைவு. என்ன வழிகள் இருக்கின்றன, எது யாருக்குப் பொருந்தும், கவுண்டரில் எப்படிக் கேட்பது என்று இங்கே பார்க்கலாம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் படித்துக் காட்டுங்க.

பீடோரில் ஏன் இது பெரிய விஷயம்?

பேராக் மாநிலத்தின் பத்தாங் பாடாங் மாவட்டத்தில் இருக்கும் சிறு பட்டணம் பீடோர். வடக்கே தாப்பா, தெற்கே சுங்காயும் சிலிம் ரிவரும், மேற்கே தெலுக் இந்தான். கொய்யாவுக்கும் வாத்து மீ-க்கும் பேர் போன ஊர். ஊருக்குள்ளே சுகாதார கிளினிக் இருக்கிறது. ஆனால் பெரிய சிகிச்சை என்றால் தாப்பா, சிலிம் ரிவர் அல்லது தெலுக் இந்தான் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதயம், சிறுநீரகம் என்று சிக்கலான நோயாக இருந்தால் ஈப்போவில் இருக்கும் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைவரை அனுப்புவார்கள்.

அங்கே பார்க்கும் டாக்டர் மருந்தை எழுதிக் கொடுப்பார். டாக்டரைப் பார்க்க அடுத்த தேதி மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்து இருக்கும். ஆனால் மருந்தை அத்தனை மாதத்துக்கும் ஒரே தடவையில் கொடுப்பது அபூர்வம். பெரும்பாலும் ஒரு மாதத்துக்கு, சில இடங்களில் இரண்டு மாதத்துக்குக் கொடுத்துவிட்டு, மீதியை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். இதைத்தான் 'உபாட் சுசூலான்', அதாவது தொடர் மருந்து என்கிறோம்.

ஏன் மொத்தமாகக் கொடுப்பதில்லை? அதற்குக் காரணம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கான மாத்திரை வீட்டில் இருந்தால், சரியாகப் பாதுகாக்காமல் கெட்டுப் போகலாம். நடுவில் டாக்டர் அளவை மாற்றினால் பழைய மருந்து வீணாகும். பழையதும் புதியதும் கலந்து, ஒரே மருந்தை இரண்டு தடவை சாப்பிடும் ஆபத்தும் உண்டு. மருந்தகத்தின் கையிருப்பும் எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டும்.

காரணம் நியாயமானதுதான். ஆனால் அதன் சுமை நோயாளியின் காலில் விழுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. போக வர வாடகைக் காடிக்கு 40 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், மாதம் ஒருமுறை போனால் ஆண்டுக்கு 480 ரிங்கிட். கணவன், மனைவி இருவருக்கும் வேறு வேறு தேதி கொடுத்திருந்தால் அது இரட்டிப்பு. ஊழியர் சேமநிதிப் பணம் எப்போதோ தீர்ந்துவிட்ட முன்னாள் தோட்டத் தொழிலாளிக்கு இது சின்னத் தொகை இல்லை. பிள்ளை அழைத்துப் போவதாக இருந்தால், அவர் ஒருநாள் லீவு எடுக்க வேண்டும். நாள் கூலிக்காரராக இருந்தால் அன்றைய சம்பளம் போச்சு.

தோட்டத்தில் இருந்தபோது எப்படி இருந்தது?

பீடோர் வட்டாரத்தில் வயதான இந்தியர்கள் பலர் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியும் 'டிரெஸ்ஸர்' ஐயாவும் அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி செய்து கொடுக்க வேண்டியது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக இருந்தது. தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-இல் தனிச் சட்டம் வந்தது. அந்த வசதியில் குறைகள் நிறைய இருந்தன. ஆனாலும் ஒன்று மட்டும் சுலபமாக இருந்தது: மருந்து வாங்க லயத்திலிருந்து நடந்தே போகலாம். காய்ச்சலுக்கும் காயத்துக்கும் டிரெஸ்ஸர்தான் முதல் ஆள்.

பிறகு கித்தா மரங்களை அழித்துச் செம்பனை நட்டார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, சில இடங்கள் வீடமைப்புத் திட்டமாக மாறின. வேலை போனவர்களும் ஓய்வு பெற்றவர்களும் லயத்தை விட்டுப் பட்டணத்துப் பக்கம் வந்து, மலிவு விலை வீடுகளில் குடியேறினார்கள். வேலையோடு வீடு போனது, வீட்டோடு டிரெஸ்ஸரும் போனார். அதன் பிறகு மருந்துக்கு அரசாங்க கிளினிக், அரசாங்க மருத்துவமனை மட்டும்தான்.

இதில் நோயின் கணக்கையும் சேர்த்துப் பாருங்க. சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டு தேசிய ஆய்வில், மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே மட்டும் எடுத்தால் அது 31.4 விழுக்காடு. 2023-ஆம் ஆண்டு ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: நீரிழிவு, ரத்தக் கொதிப்பு, அதிகக் கொலஸ்ட்ரால், உடல் பருமன் ஆகிய நான்கும் ஒருசேர இருப்பவர்கள் நாட்டில் ஐந்து லட்சத்துக்கும் மேல். இவை ஆயுள் முழுக்க மருந்து எடுக்க வேண்டிய நோய்கள். ஆகவே மாதாந்திர மருந்துப் பயணம் ஏதோ சிலருடைய பிரச்சினை இல்லை.

வழி 1: பக்கத்து கிளினிக்கிலேயே வாங்குவது

பீடோர்க்காரர்களுக்கு அதிகம் உதவக்கூடியது இதுதான். இதன் மலாய்ப் பெயர் 'சிஸ்தெம் பென்டிஸ்பென்சான் உபாட் பெர்செபாடு'. சுருக்கமாக எஸ்பியூபி. மருந்து எழுதிக் கொடுத்த இடம் ஒன்றாகவும், தொடர் மருந்தை வாங்கும் இடம் இன்னொன்றாகவும் இருக்க இந்த முறை அனுமதிக்கிறது. இரண்டுமே சுகாதார அமைச்சின் கீழ் இருக்கும் மருத்துவமனையாகவோ கிளினிக்காகவோ இருந்தால் போதும்.

நடைமுறையில் இப்படி: ஈப்போ மருத்துவமனையில் டாக்டரைப் பார்க்கிறீங்க. முதல் மாத மருந்தை அங்கேயே வாங்குறீங்க. அப்போதே மருந்தகக் கவுண்டரில், "மீதி மருந்தை பீடோர் கிளினிக்கில் வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்கிறீங்க. அவர்கள் விவரத்தைக் குறித்து அந்த கிளினிக்குக்குத் தெரிவித்து, உங்களுக்கு ஒரு சீட்டோ தேதியோ கொடுப்பார்கள். அடுத்த மாதம் அந்தத் தேதியில் பீடோரிலேயே வாங்கிக்கொள்ளலாம். டாக்டரைப் பார்க்கும் நாளில் மட்டும் ஈப்போ போனால் போதும்.

கவனிக்க வேண்டியவை சில:

- முதல் மாத மருந்தை வாங்கும்போதே கேட்டுவிடுங்க. வீட்டுக்கு வந்த பிறகு நினைவு வந்தால், போன் செய்தோ திரும்பப் போயோ ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும்.
- நிபுணர்கள் மட்டும் எழுதிக் கொடுக்கும் சில மருந்துகளைச் சின்ன கிளினிக் வழக்கமாக வைத்திருக்காது. அவற்றைத் தருவிக்க நாள் ஆகும். "எத்தனை நாள் முன்பே சொல்லணும்?" என்று கேட்டுக்குங்க.
- குறித்த தேதியில் போக முடியாவிட்டால் கிளினிக்குக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க. இல்லாவிட்டால் உங்களுக்காக எடுத்து வைத்ததைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடலாம்.

இந்த முறையில் இன்னொரு நன்மையும் உண்டு. பல தாத்தா பாட்டிகள் மூன்று மாதம் மகன் வீடு, மூன்று மாதம் மகள் வீடு என்று மாறி மாறி இருக்கிறார்கள். பீடோரில் பதிவு இருந்தாலும், சிப்பாங்கிலோ பாசிர் கூடாங்கிலோ பிள்ளை வீட்டுக்கு அருகில் இருக்கும் அரசாங்க கிளினிக்கில் மருந்து வாங்க எஸ்பியூபி மூலம் ஏற்பாடு செய்யலாம். ஊர் மாறுவதற்கு முன்பே சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

வழி 2: தபாலில் வீட்டுக்கு வரவழைப்பது

'உபாட் மெலாலுய் போஸ்' என்பது போஸ் மலேசியா வழியாக மருந்தை வீட்டுக்கே அனுப்பும் சேவை. இதிலும் முதல் மாத மருந்தைக் கவுண்டரில்தான் வாங்க வேண்டும். அடுத்தடுத்த மாதங்களுக்கு உரியது வீட்டுக்கு வரும். மருந்துக்குக் கட்டணம் இல்லை, தபால் செலவை மட்டும் நோயாளி ஏற்க வேண்டும். எவ்வளவு என்பதை உங்க மருந்தகத்தில் கேட்டுக்குங்க. காடிச் செலவோடு ஒப்பிட்டால் எது மலிவு என்பது உடனே தெரிந்துவிடும்.

இது எல்லாருக்கும் பொருந்தாது. நோய் கட்டுப்பாட்டில் இருந்து, மருந்தும் அளவும் அடிக்கடி மாறாதவர்களுக்கே ஏற்றது. குளிர்ச்சியில் வைக்க வேண்டிய இன்சுலின் போன்றவை தபாலில் வராது. மனநல மருந்துகளில் சிலவும் கடும் வலி நிவாரணிகளும் சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அவற்றையும் நேரில்தான் வாங்க வேண்டும். இன்சுலினும் மாத்திரையும் இரண்டும் எடுப்பவர், மாத்திரைக்காகத் தபாலைக் கேட்பதைவிட, இரண்டையும் சேர்த்துப் பக்கத்து கிளினிக்கில் வாங்குவது சுலபம்.

முகவரி விஷயத்திலும் கவனம் வேண்டும். தோட்டத்து லயத்திலோ கம்பத்து உட்புறத்திலோ வீட்டு எண் தெளிவாக இல்லாத இடங்களில் பொட்டலம் வந்து சேர்வது சிரமம். கையெழுத்துப் போட்டு வாங்க வீட்டில் ஆளும் இருக்க வேண்டும். காது கேளாத பாட்டி தனியாக இருந்தால், வாசலில் வந்து கூப்பிட்டது தெரியாமல் பொட்டலம் தபால் நிலையத்துக்கே திரும்பிவிடும். அப்படிப்பட்ட வீடுகளுக்குப் பட்டணத்தில் இருக்கும் உறவினர் முகவரியையும் போன் எண்ணையும் கொடுப்பது நல்லது.

வழி 3: தேதி பிடித்து, காத்திருக்காமல் வாங்குவது

நேரில் போவது தவிர்க்க முடியாதது என்றால், காத்திருக்கும் நேரத்தையாவது குறைக்கலாம். 'மைஉபாட்' என்ற செயலியிலும் இணையத்திலும் தொடர் மருந்துக்கு முன்கூட்டியே தேதி பிடிக்கலாம். மருந்தகம் அதற்குள் மருந்தைத் தயார் செய்து வைக்கும். சில இடங்களில் காடியை விட்டு இறங்காமல் வாங்கும் 'பண்டு லாலு' கவுண்டர் உண்டு. சில இடங்களில் மருந்தை லாக்கரில் வைத்து, நமக்கு வசதியான நேரத்தில் எடுத்துக்கொள்ள விடுகிறார்கள். எந்த வசதி எங்கே இருக்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். தாப்பாவில் இருப்பது சிலிம் ரிவரில் இருக்கும் என்று நினைத்துவிடாதீங்க.

கைத்தொலைபேசிச் செயலி என்றதும் தாத்தா பாட்டிகள் பின்வாங்குவார்கள். அது இயல்புதான். தேதியை அவர்களே பிடிக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. கோலாலம்பூரில் இருக்கும் மகளோ பேரனோ இருந்த இடத்திலிருந்தே பிடித்துக் கொடுக்கலாம். நேரில் வர முடியாத பிள்ளைகள் செய்யக்கூடிய உதவிகளில் இது ஒன்று. செயலியே வேண்டாம் என்றால் போன் செய்து கேளுங்க. தொலைபேசியில் சொல்லி வைத்து வாங்கும் முறையும் பல மருந்தகங்களில் உண்டு.

நோயாளியே வர வேண்டுமா?

தொடர் மருந்து வாங்க நோயாளி நேரில் வரத் தேவையில்லை. வேறு ஒருவர் வந்து வாங்கலாம். மருந்துச் சீட்டு, அப்பாய்ன்ட்மெண்ட் புத்தகம், நோயாளியின் அடையாள அட்டை அல்லது அதன் நகல் ஆகியவற்றைக் கொண்டு வருவது நல்லது. அண்டை வீட்டுக்காரர் ஒருவர் எப்படியும் கிளினிக்குக்குப் போகிறார் என்றால், ஒரே தேதியாக வாங்கிக்கொண்டால் இரண்டு மூன்று வீட்டு மருந்தை ஒரே காடியில் கொண்டு வந்துவிடலாம். கோயில் குழுவோ குடியிருப்பாளர் சங்கமோ இருக்கும் இடங்களில் இதை ஒழுங்காகச் செய்ய முடியும். ஆனால் ஒவ்வொரு வீட்டு மருந்தும் தனித்தனிப் பையில், பெயரோடு இருக்க வேண்டும். "எல்லாம் பிரஷர் மாத்திரைதானே" என்று கலந்துவிடக் கூடாது.

கணவன் மனைவிக்கு வேறு வேறு தேதி இருந்தால், கவுண்டரில் சொல்லி ஒரே நாளாக மாற்றித் தரச் சொல்லுங்க. கேட்டால் பெரும்பாலும் உதவுவார்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவருக்கு இன்னொரு வழி உண்டு. சுகாதார கிளினிக்குகள் சில, வீட்டுக்கே வந்து பார்க்கும் 'டொமிசிலியாரி' பராமரிப்புச் சேவையை நடத்துகின்றன. பக்கவாதம் வந்து மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்படுபவர்கள் போன்றோருக்கு இது. டிஸ்சார்ஜ் ஆகும்போதே வார்டில் கேளுங்க: "எங்க ஏரியா கிளினிக்கில் இந்தச் சேவை இருக்கா? பெயரைக் கொடுக்க முடியுமா?"

அரசாங்க பென்ஷன்காரருக்கு மட்டும் உள்ள ஒன்று

ஆசிரியர், ஜே.கே.ஆர். ஊழியர், மருத்துவமனை ஊழியர் என்று அரசாங்கத்தில் வேலை செய்து ஓய்வூதியம் வாங்குபவர்களுக்குக் கூடுதல் வசதி ஒன்று இருக்கிறது. அரசாங்க மருத்துவமனை நிபுணர் தேவை என்று சொல்லும் மருந்து அந்த மருத்துவமனையில் கிடைக்காவிட்டால், அதன் செலவைப் பொதுச் சேவைத் துறை ஏற்க விண்ணப்பிக்கலாம். 2009-ஆம் ஆண்டின் 21-ஆம் எண் சுற்றறிக்கை இதன் நடைமுறையை வகுத்தது. இதற்கான பாரம், 'போராங் பெருபாத்தான் 1/09'. மருந்து தேவை, மருத்துவமனையில் இல்லை என்பதை அரசாங்க டாக்டர் அதில் உறுதிப்படுத்த வேண்டும்.

இங்கே நடக்கும் வழக்கமான தவறு, முதலில் கடையில் வாங்கிவிட்டு, பிறகு ரசீதை எடுத்துக்கொண்டு அலைவது. பாரத்தில் டாக்டரின் உறுதி இல்லாமல் ரசீது மட்டும் போதாது. ஆகவே முதலில் பாரம், அதற்குப் பிறகு மருந்து.

முன்னாள் தோட்டத் தொழிலாளருக்கு இப்படி ஒரு பாரம் கிடையாது. அவருக்குப் பின்னால் பணம் கட்ட முன்னாள் முதலாளியும் இல்லை, துறையும் இல்லை. அரசாங்க மருந்தகத்தில் இருப்பதுதான் அவருக்குக் கிடைக்கும். அதனால்தான் அவர்களுக்கு எஸ்பியூபி போன்ற வழிகள் கூடுதல் முக்கியமாகின்றன.

தனியார் மருந்தகத்தில் வாங்கலாமா?

வாங்கலாம், காசு கொடுத்து. அரசாங்க மருந்து கைக்கு வர நான்கைந்து நாள் தாமதம், வீட்டில் மாத்திரை தீர்ந்துவிட்டது என்றால், அந்த இடைவெளிக்கு மட்டும் வாங்கிக்கொள்வது மருந்தை நிறுத்துவதைவிட எவ்வளவோ மேல். மருந்துச் சீட்டின் நகலையோ அதன் படத்தையோ மருந்தாளரிடம் காட்டுங்க. 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டப்படி சில மருந்துகளை டாக்டரின் சீட்டு இல்லாமல் விற்க முடியாது. ஆகவே சீட்டு கையில் இருப்பது முக்கியம்.

விலையைப் பொறுத்தவரை, 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்தின் விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற உத்தரவு நடப்பில் இருக்கிறது. வாங்கும் முன் விலையைப் பாருங்க. அதே மருந்து வேறு பிராண்டில் மலிவாக இருக்கிறதா என்றும் கேளுங்க. பிராண்ட் பெயர் மாறினாலும் உள்ளே இருக்கும் மருந்து ஒன்றாக இருக்கலாம். அதை உறுதிப்படுத்த வேண்டியவர் மருந்தாளர், பக்கத்து வீட்டுக்காரர் இல்லை.

மருந்து நின்றால் என்ன ஆகும்?

ரத்தக் கொதிப்புக்கும் கொலஸ்ட்ராலுக்கும் மருந்தை நிறுத்தினால் உடனே ஒன்றும் தெரியாது. வலி இருக்காது, மயக்கம் இருக்காது. அதுதான் ஆபத்து. "ரெண்டு வாரம் சாப்பிடல, நல்லாத்தானே இருக்கேன்" என்று தோன்றும். உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கும். அதன் முடிவு பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ இருக்கலாம். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் கண், கால், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கும். மாதம் ஒருமுறை மருந்துக்குப் போவதே சிரமம் என்பவர், சிறுநீரகம் செயலிழந்தால் வாரம் மூன்று தடவை டயாலிசிஸுக்குப் போக வேண்டியிருக்கும்.

பயணத்தைத் தவிர்க்க வயதானவர்கள் தாங்களாகவே செய்துகொள்ளும் சில வழிகள் உண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டு மாத்திரையை இழுப்பது, மாத்திரையைப் பாதியாக உடைப்பது, கணவன் மாத்திரையை மனைவி சாப்பிடுவது, இறந்து போனவரின் மீதி மருந்தை எடுத்து வைத்துக்கொள்வது. வீட்டில் மருந்துப் பையைத் திறந்து பாருங்க. மாத்திரை தேதிக்கு மேலே மிஞ்சி இருந்தால், யாரோ சாப்பிடாமல் மிச்சம் பிடிக்கிறார்கள் என்று அர்த்தம். திட்டாமல் காரணத்தைக் கேளுங்க. பல சமயம் "உங்களுக்கு எதுக்கு சிரமம்னுதான்" என்ற பதில்தான் வரும்.

இன்னொரு வழி இதைவிட மோசமானது. பாசார் மாலாமிலோ தெரிந்தவர் மூலமோ, "எல்லா வலிக்கும் ஒரே மருந்து" என்று விற்கும் பொடியையும் மாத்திரையையும் வாங்குவது. பதிவு செய்யப்படாத இத்தகைய பொருள்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாக சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு வலியைக் குறைத்துக் காட்டும், ஆனால் நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரை அளவை ஏற்றிவிடும். பதிவு செய்த மருந்தில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண் இருக்கும். அது இல்லாததைத் தொடாதீங்க.

தமிழ்நாட்டில் எப்படிச் செய்கிறார்கள்?

இதே பிரச்சினைக்குத் தமிழ்நாடு வேறு திசையிலிருந்து வந்தது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். நீரிழிவும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்களின் வீட்டுக்கே பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் சென்று, பரிசோதித்து, மாத்திரை கொடுக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் இதில் அடங்கும். 2024-இல் இந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது.

அங்கேயும் எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் அமைப்பில் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்க. அங்கே முதல் அடியைத் திட்டம் எடுத்து வைக்கிறது. பட்டியலில் பெயர் இருந்தால் ஆள் வீட்டுக்கு வருவார். நம் நாட்டில் எஸ்பியூபியும் தபாலும் செயலியும் இருக்கின்றன, ஆனால் முதல் அடியை நோயாளி எடுத்து வைக்க வேண்டும். மலாய் சரளமாகப் பேசவும், கவுண்டரில் நின்று கேட்கவும், செயலியைத் திறக்கவும் தெரிந்தவருக்கு அது சுலபம். யாருக்கு இந்தச் சேவை அதிகம் தேவையோ, அவருக்குத்தான் அதைக் கேட்பதும் அதிகச் சிரமம். 2030-க்குள் மலேசியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் மக்கள் தொகையில் 15 விழுக்காட்டை எட்டுவார்கள் என்று மதிப்பிடப்பட்டுள்ள நிலையில், 70 வயதைக் கடந்த ஒவ்வொருவரிடமும் "மருந்தை எங்கே வாங்கினால் உங்களுக்கு வசதி?" என்று கவுண்டரே கேட்கும் வழக்கம் வந்தால், பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

கவுண்டரில் என்ன சொல்வது?

அந்த வழக்கம் வரும்வரை நாம்தான் கேட்க வேண்டும். அடுத்த தடவை போகும்போது இவற்றைக் குறித்து எடுத்துக்கொண்டு போங்க:

1. "சாயா நாக் அம்பில் உபாட் சுசூலான் டி கிளினிக் கெசிஹாத்தான் பீடோர். போலே புவாட் எஸ்பியூபி?" தொடர் மருந்தை பீடோர் கிளினிக்கில் வாங்க விரும்புகிறேன், எஸ்பியூபி செய்து தர முடியுமா என்று அர்த்தம்.
2. தபாலில் அனுப்ப முடியுமா? எந்த மருந்து வரும், எது வராது? தபால் செலவு எவ்வளவு?
3. ஒரு தடவைக்கு எத்தனை மாத மருந்து கொடுப்பீங்க? தூரத்தை எடுத்துச் சொன்னால் கூட்டிக் கொடுக்க முடியுமா?
4. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே தேதி போட முடியுமா?
5. எனக்குப் பதில் வேறு யார் வந்து வாங்கலாம்? என்ன கொண்டு வரணும்?
6. தேதி தவறினால் எந்த எண்ணுக்குப் போன் செய்வது?

கையோடு இன்னும் மூன்று வேலைகளை முடித்துவிடுங்க. ஒன்று, எல்லா மருந்துப் பொட்டலத்தின் லேபிளையும் மருந்துச் சீட்டையும் போனில் படம் எடுத்து, பிள்ளைகளுக்கும் அனுப்பி வைங்க. எந்த ஊரில் எந்த அவசரம் வந்தாலும் அது உதவும். இரண்டு, லேபிள் மலாயில் இருப்பதால், காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று தமிழில் எழுதி ஒட்டுங்க, அல்லது நாள்வாரி மாத்திரைப் பெட்டியில் பிரித்து வைங்க. மூன்று, மாத்திரை தீர ஏழு நாள் இருக்கும்போதே நாள்காட்டியில் ஒரு வட்டம் போடுங்க. கடைசி மாத்திரை தீர்ந்த பிறகு தேடினால் எந்த வழியும் நேரத்துக்குக் கைகொடுக்காது.

இன்சுலின் எடுப்பவர்கள் கிளினிக்குக்குப் போகும்போது ஐஸ் பொட்டலம் வைத்த சின்னப் பை ஒன்றைக் கொண்டு போங்க. மருந்து ஐஸை நேராகத் தொடாமல் ஒரு துணி சுற்றி வைங்க. உறைந்துவிட்ட இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் குளிர்பெட்டியில் வைக்கணும், ஐஸ் அறையில் இல்லை.

பீடோர் கிளினிக்கில் உங்களுக்கு இன்னும் பதிவு இல்லை என்றால், அடுத்த மருந்துத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே அடையாள அட்டையையும் மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு ஒருமுறை போய் விசாரிச்சிட்டு வாங்க.